அத்தானின் மணிவிழாவுக்கு நான் வராத காரணம்

நிபோங் திபால்,
ஜூன் 18, புதன்கிழமை.

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கும் என் அன்பு அக்கா லெட்சுமிக்கும், மைத்துனன் சந்திரசேகரன் கைகூப்பி எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். ஈப்போவில் உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதென்றும், மணிவிழா லட்டு அதை ஒன்றும் செய்துவிடவில்லை என்றும் நம்புகிறேன். படங்களைக் குடும்பக் குழுவில் பார்த்தோம். மாலை போட்டுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து என் வீட்டுக்காரி குமுதா, "ஒங்க அத்தானுக்கு அறுபதுன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். அக்காவின் பக்கத்தில் தம்பி நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு நாற்காலியைப் போட்டிருந்தார்கள். அதையும் பார்த்தோம்.

திங்கட்கிழமை வாட்ஸாப்பில் நீங்கள் ஒரே வரியில், "ஏன் வரவில்லை?" என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி ஒரு வரிதான். பதிலையும் ஒரு வரியில் அடக்க மூன்று தடவை முயன்று பார்த்தேன், அடங்கவில்லை. குழுவில் எழுதினால் சிங்கப்பூர் சித்தப்பா வரைக்கும் போய், அங்கிருந்து வேறு உருவத்தில் திரும்பி வரும். மேலும் பைராம் தோட்டத்து ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் கிராணி உத்தியோகம் பார்த்துப் பேரேடு எழுதியவனுக்குக் கட்டைவிரலால் எழுத வராது, பேனாதான் வரும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். முதலில் ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் போனில் டயர் பஞ்சர் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். டயர் நான்கும் நன்றாகத்தான் இருந்தன.

விஷயம் எங்கள் மகள் காமினியிடமிருந்து ஆரம்பிக்கிறது. அவளுக்குக் கடல் தாண்டி ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் குழுவில் முதலில் கட்டைவிரல் காட்டினீர்கள். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட். ஐந்தே காலுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தாளென்றால் நெடுஞ்சாலை, பாலம், அந்தப் பக்கத்து நெரிசல் எல்லாம் தாண்டி ஆறே முக்காலுக்குப் போய்ச் சேருவாள். மழை பெய்தால் அந்தக் கணக்கெல்லாம் பாலத்துக்கு அடியில் போய்விடும். அவள் பாலத்தைத் தாண்டிவிட்டேன் என்று செய்தி போடும்வரை குமுதா சாமி விளக்கை விட்டு நகரமாட்டாள், எனக்குத் தேநீரும் கிடைக்காது. மூன்று வாரத்தில் இரண்டு நாள் தாமதம். ஒரு நாள் மழை, ஒரு நாள் பாலத்தில் லாரி கவிழ்ந்தது. சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டு, இன்னொரு தடவை தாமதமானால் மூன்று மாதச் சோதனைக் காலத்துக்குப் பிறகு வேலையை உறுதிப்படுத்த மாட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஆக, வேலை நிலைக்க வேண்டுமென்றால் பினாங்குத் தீவிலேயே ஒரு அறை வேண்டும், அதுவும் அடுத்த மழைக்குள் வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னலெல்லாம் கேட்கவில்லை, ஒரு கட்டில் போட்டுக் கதவைச் சாத்துகிற அளவு இடம்தான் கேட்டோம்.

காமினி தன் போனில் விளம்பரங்களைக் காட்டினாள். நான் பழக்கதோஷத்தில் ஒரு நோட்டு எடுத்து வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன். சீனர் மட்டும். முஸ்லிம் பெண்கள் மட்டும். இந்தியர் வேண்டாம், மன்னிக்கவும். மன்னிக்கவும் போட்டவர் நல்ல வளர்ப்பு. ஒன்றில் பூனை வளர்க்கலாம் என்று ஒரு வரியும் இந்தியர் வேண்டாம் என்று அதற்கடுத்த வரியும் இருந்தன. "அப்பா, நம்ம பூன பேர்ல ரூம் எடுத்துருவோம் லா, நான் அதுகூட ஒட்டிக்கிறேன்" என்றாள் காமினி. நான் சிரித்தேன். குமுதா சிரிக்கவில்லை, போனை வாங்கி அந்த விளம்பரத்தைக் கண்ணாடி போட்டு இன்னொரு தரம் படித்தாள். இருபத்தொரு வயதுவரை நாங்கள் அந்தப் பிள்ளைக்கு ஒரு கதவும் சாத்தப்பட்டுப் பார்த்ததில்லை அத்தான். இவ்வளவு நாள் அவளுக்காகக் கதவைத் தட்டியது நாங்கள், இப்போதுதான் அவளே தட்டுகிறாள்.

முதல் அறையைப் பார்க்கப் போனதில் தப்பு முழுக்க என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். நம் வழக்கத்தில் பெண் பார்க்கப் போனாலும் வீடு பார்க்கப் போனாலும் தனியாகவா போகிறோம்? ஒற்றைப்படையாகப் போக வேண்டும் என்று குமுதா சொன்னதால் எங்கள் மூவரோடு பக்கத்து வீட்டு வேலுவையும், அவர் மனைவியையும், அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து ஏழு பேர் வேலுவின் வேனில் கிளம்பினோம். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு தாம்பாளத்தில் ஆரஞ்சு, வாழைப்பழம், ஒரு டின் பிஸ்கட். வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு மேல் ராகு காலம் ஆகையால் மூன்றரைக்கே போய்க் கூப்பிட்டோம். தூக்கக் கலக்கத்தோடு அரைக்கால் சட்டையில் ஒரு சீனர் வந்து கேட்டைத் திறந்தார். விரலை நீட்டி எங்களை எண்ணினார். ஏழு வந்தது. சந்தேகப்பட்டு மறுபடியும் எண்ணினார். ஒரு ஆளுக்குத்தானே அறை என்று மலாயில் கேட்டார். தங்குவது ஒரு ஆள்தான், மற்றவர்கள் சும்மா பார்க்க வந்தோம் என்று வேலு விளக்கினார், அதற்குள் வேலுவின் பிள்ளைகள் அவருடைய தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டன. அவர் பயந்துபோய் நான் நீட்டிய தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டார். பழம் போனால் போகிறது, தாம்பாளம் குமுதாவின் கல்யாணச் சீர். இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

அன்றைக்கு வேனிலேயே காமினி சட்டம் போட்டாள். இனிமேல் அவளும் நானும் மட்டும். நானும் காருக்குள்ளேயே இருக்க வேண்டும், எதிர்வரிசையில் நிறுத்த வேண்டும். ஆறு வருஷம் அவள் சீனப் பள்ளியில் படித்தாள் அல்லவா, தமிழ்ப்பள்ளி இருக்கும்போது எதற்கு என்று நீங்கள்கூட அப்போது என்னோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தீர்கள். அந்தப் படிப்பு இப்போது கைகொடுக்கும் என்று நினைத்தோம். பூலாவ் திக்குஸ் பக்கம் ஒரு சீனப் பாட்டியம்மாவிடம் போனில் இருபது நிமிஷம், பள்ளித் தோழிகளிடம் பழகிய ஹொக்கியன் சீனத்திலேயே பேசினாள். அந்த அம்மா அவளுடைய வேலையைக் கேட்டு, வயதைக் கேட்டு, இந்தக் காலத்தில் இப்படிப் பணிவான பெண்ணா என்று மெச்சி, உடனே வரச் சொன்னார். போனாள். நான் எதிர்வரிசையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். கதவைத் திறந்த அம்மா காமினியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, போனில் பேசிய பெண் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றாள் இவள். நம்பாமல், போனில் சொன்னதையெல்லாம் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாராம், ரேடியோ வாங்கும்போது திருகிப் பார்ப்பது போல. பிறகு உள்ளே திரும்பித் தன் தங்கையிடம், இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று ஹொக்கியனில் கேட்டிருக்கிறார். காமினி அதே ஹொக்கியனில், நேராகவே சொல்லுங்கள் ஆண்டி, பழகிவிட்டது என்றாளாம். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நிமிஷத்துக்கு முன்புதான் ஒருவர் அறையை எடுத்துக்கொண்டார் என்று சொல்லி ஒரு பொட்டலம் பலகாரம் கொடுத்து அனுப்பினார். அந்தப் பத்து நிமிஷமும் நான் அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஈ காக்கை உள்ளே போகவில்லை. சொல்லக்கூடாது, பலகாரம் அருமையாக இருந்தது.

இப்படி எட்டு இடம். பெரும்பாலும் ஒரே பதில்தான், "இப்பத்தான் ஒருத்தர் எடுத்துட்டாங்க." காமினி மாடிப்படி ஏறுகிற நேரத்துக்குள் பினாங்கில் அறைகள் அவ்வளவு வேகமாகப் போகின்றன. நோர்மா என்ற ஒரு மலாய் அம்மா மட்டும்தான் உள்ளதைச் சொன்னார். ஒரே அடுப்பு, ஒரே சட்டி, தன் வீட்டில் முஸ்லிம் பெண்களைத்தான் வைக்க முடியும், மகள் தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். தப்பாக நினைக்கவில்லை, கூடவே ஒரு ஆறுதலும் இருந்தது. மற்றவர்களில் இரண்டு பேர் கறி வாசனை சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். காமினி கறி வைத்தால் வாசனை வருமா என்று எனக்கே தெரியாது, அவள் வைத்ததில்லை. வெந்நீரை ஊற்றி மூன்று நிமிஷம் மூடி வைக்கிற மீ நூடுல்ஸ்தான் அவள் சமையல். இதை ஒரு வீட்டுக்காரரிடம் சாட்சியாகச் சொல்லலாமா என்று குமுதாவைக் கேட்டேன். வளர்த்த வளர்ப்பை ஊரெல்லாம் சொல்லப் போறீங்களா என்று அதற்கும் கோபப்பட்டாள்.

வாயால் சொன்னால் நம்பாதவர்கள் எழுத்தில் கொடுத்தால் நம்புவார்கள் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கிராணி புத்தி. வேலுவின் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மலாயிலும் ஒரு பயோடேட்டா என் கம்ப்யூட்டரில் தட்டியிருந்தேன், மாப்பிள்ளையின் முதலாளி கேட்டாராம். அதைத் திறந்து பெயர், படிப்பு, வேலை எல்லாவற்றையும் காமினிக்கு மாற்றி, கோயில் கமிட்டியின் நன்னடத்தைக் கடிதத்தையும் இணைத்து, பன்னிரண்டு பிரதி எடுத்தேன். ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டுக்காரர், முப்பது வயதிருக்கும், அதை வாங்கி நின்றபடியே முழுதும் படித்தார். படித்துவிட்டு மிகுந்த மரியாதையோடு, தனக்கு நிரந்தர வேலை இருக்கிறது, ஆனால் சனிக்கிழமைகளில் பீர் குடிப்பதுண்டு, தவிரவும் போன வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது என்றார். அப்புறம்தான் பார்த்தேன். கடைசிப் பகுதியை மாற்ற மறந்திருக்கிறேன். நட்சத்திரம் ரோகிணி, உயரம் ஐந்தடி மூன்று, எதிர்பார்ப்பு: குடிப்பழக்கம் இல்லாத, நிரந்தர வேலையுள்ள, நல்ல குடும்பத்தவர். காமினி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மீதிப் பிரதி பதினொன்று என் கார் டாஷ்போர்டில் இருந்தது.

இனிமேல் எழுதுவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள் அத்தான். அக்காவும் கூட இருந்தால் நல்லது.

சனிக்கிழமை மத்தியானம் ஜெலுத்தோங்கில் ஒரு ஃபிளாட்டைப் பார்க்கக் காமினி நேரம் வாங்கியிருந்தாள், அன்றைக்கு மட்டும் என்னையும் மேலே வர விட்டாள். அதைப் பார்த்துவிட்டு வரும் வழியில் குமுதாவை வீட்டில் ஏற்றிக்கொண்டு நேராக ஈப்போ என்பது திட்டம். அக்காவுக்குப் பிறந்த வீட்டுச் சேலை, உங்களுக்கு வேட்டி எல்லாம் கார் பின்பெட்டியில் இருந்தன. வீட்டைக் காட்டியவர் அஃபிக் என்ற மலாய்ப் பையன், ஏஜெண்ட், இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. காமினி அவரிடம் போனில் மலாயில் பேசியிருந்தாள், அவளுடைய மலாய் மலாய்க்காரர்களுக்கே சந்தேகம் வராத மலாய். லிஃப்ட் பக்கம் எங்களைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் ஆறாம் மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார். சின்ன வீடுதான், ஆனால் வெளிச்சம். மருத்துவமனைக்கு மோட்டாரில் பத்து நிமிஷம். அவளும் கூட வேலை செய்கிற இரண்டு பெண்களும் சேர்ந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. காமினி சின்ன அறைக்குள் போய்ச் சுவரைச் சாண் சாணாக அளந்தாள், அலமாரி இங்கே வருமா என்று பார்த்தாள். எட்டு இடத்திலும் அவள் எதையும் அளந்ததில்லை. அஃபிக் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் என்னிடம் வந்து, மன்னிக்க வேண்டும் அங்கிள், ஓனர் இந்தியருக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், வாசலிலேயே சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றார். சொன்ன பிறகு அவருக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. தானாக இட்டுக்கட்டிச் சொல்வதாக நாங்கள் நினைத்துவிடுவோமோ என்று போனை எடுத்து ஓனர் அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்.

முதலில் மூன்று தடவை தொண்டையைச் செருமுகிற சத்தம். கோயில் ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைக் கையில் வாங்கியதும் ஒருவர் அப்படித்தான் மூன்று தடவை செருமுவார், முப்பது வருஷமாக எனக்குத் தெரியும். பிறகு மலாயில்: "அஃபிக், இந்தியனுக்கு மட்டும் குடுக்காதே லா. நானும் இந்தியன்தான், எனக்குத் தெரியாதா?" அதற்குப் பின்னால், கொஞ்சம் தூரத்தில், என் அக்காவின் குரல் தமிழில்: "ஏங்க, டீ ஆறுது."

பினாங்கில் நீங்கள் ஒரு ஃபிளாட் வாங்கியது தெரியும். எந்த இடம் என்று நான் கேட்டதில்லை, ஆள் குடியிருக்கிறார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள், அவர்கள் காலி செய்தது எங்களுக்குத் தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே பூசாரி கொடுக்கத் தயாராகச் சாவியை உருட்டிக்கொண்டு நிற்கிறார், சாமிதான் ஈப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறந்து, இந்த ஓனர் என் சொந்த அக்கா புருஷன் என்று சொல்லியிருந்தால் சாவி அந்த நிமிஷமே எங்கள் கையில் விழுந்திருக்கும். திறக்கவும் போனேன். காமினி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அஃபிக்குக்கு நன்றி சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கும்போது, ஏன் தடுத்தாய், மாமா வீடு என்றால் சும்மாவே கொடுத்திருப்பாரே என்றேன்.

"குடுத்துருவாருப்பா. மச்சான் வூட்டுப் புள்ளன்னு குடுத்துருவாரு. எனக்குக் குடுக்க மாட்டாரு. நான் யார் மகள்னு கேக்காம குடுக்கற எடம்தான் எனக்கு வேணும்."

எனக்கு அழுகை வந்தது அத்தான், இந்த வயதில் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். சீனர் சொன்னபோது வரவில்லை, மலாய்க்காரர் சொன்னபோது வரவில்லை. பூனையையும் நம்மையும் அடுத்தடுத்த வரியில் போட்டவனைப் பார்த்துச் சிரிக்கவே முடிந்தது. முந்தி இருந்த ஆள் வாடகை தராமல் ஓடிப்போயிருக்கலாம், சுவரில் ஆணி அடித்திருக்கலாம், உங்களுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்தும் அடங்கவில்லை. போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டபோது, நம்மவருக்கு நாமே தோள் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பார்கள் என்று நீங்கள் பேசினீர்கள், நான்தான் முதலில் கை தட்டினேன். அந்தக் கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை.

அறை கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த பிளாக்கின் கீழேயே ஹபீபா பீவி என்ற தமிழ் முஸ்லிம் அம்மா ஆப்பக்கடை வைத்திருக்கிறார். முகம் கழுவிக்கொண்டு தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். "என்னாம்மா புள்ள, மொகம் இப்புடி வாடிக் கெடக்கு" என்று அவர் கேட்கவும் காமினி நடந்ததைச் சொன்னாள், ஓனர் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அந்த அம்மா ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே முழுதும் கேட்டார். தன் வீடு அடுத்த சந்தில் இருக்கிறது, மகள் கல்யாணமாகிப் போன அறை சும்மா கிடக்கிறது என்றார். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "காலையில எத்தன மணிக்கு எந்திரிப்ப? பாத்ரூம் ஒண்ணுதான், நான் அஞ்சுக்கு உள்ள போயிருவேன்." ஐந்தரைக்கு எழுந்தால் போதும் என்றாள் காமினி. சாமி படம் வைத்துக்கொள்ளலாம், ஊதுபத்தியை ஜன்னல் பக்கம் கொளுத்த வேண்டும், வேண்டாத இறைச்சி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டதென்று தெரியாமல் நான் காருக்கு ஓடிப்போய் பயோடேட்டாவைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தாள் நல்ல கனமா இருக்கே என்று மெச்சி, எங்களுக்குப் பார்சல் கட்டிய ஆப்பத்தை அதில் சுருட்டிக் கொடுத்தார். மீதிப் பத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பயோடேட்டா அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உதவியது.

ஆக, சனிக்கிழமை நாலு மணிக்கு மகளுக்கு அறை கிடைத்துவிட்டது, காரில் பெட்ரோல் இருந்தது, பின்பெட்டியில் சேலை இருந்தது. நிபோங் திபாலில் குமுதா பட்டுக் கட்டி, பூ வைத்து, பையோடு வாசலில் நின்றாள். அங்கிருந்து ஈப்போவுக்கு வண்டியைத் திருப்ப என்னால் முடியவில்லை. மேடையில் உங்கள் காலில் விழுந்து எழுந்து, அந்தக் குரலில் நீங்கள் என்னை வாழ்த்துவதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தபோதே கார் சாவியைக் கழற்றிவிட்டேன். அதனால் பஞ்சர் என்றேன். குமுதா இறங்கி வந்து நான்கு டயரையும் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சேலையை மாற்றினாள். மறுநாள் அங்கே உங்களுக்குக் கலசாபிஷேகம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் காமினியின் மெத்தையை வேலுவின் வேனில் ஏற்றிப் பாலம் தாண்டிக்கொண்டிருந்தோம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான் அத்தான். காமினிக்காக எதுவும் வேண்டாம், அவளுக்கு அறை இருக்கிறது, திங்கட்கிழமை கால் மணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போய் நின்றிருக்கிறாள். நீங்கள் அஃபிக்கைக் கூப்பிட்டு, முன்பு சொன்னதைச் சொல்லாததாக வைத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடுத்து அந்தச் சுவரைச் சாண் போட வருகிறவள் யார் வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆள் சரியில்லை என்றால் கொடுக்க வேண்டாம். ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நம் வயதில் மற்றவர்கள் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்று குறைப்படுவது சுலபம். நம் கதவை நாமே சாத்திக்கொண்டு அதைச் செய்வது வெட்கமாக இருக்கிறது. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன், வயதில் சிறியவன் அதிகம் பேசியதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலையையும் வேட்டியையும் நாளைக்குக் கொரியரில் அனுப்புகிறேன். சேலைக்கு அக்காவுக்குப் பிடித்த மாம்பழ மஞ்சள், குமுதா எடுத்தது. பேரனுக்கு எங்கள் முத்தங்களும், உங்கள் இருவருக்கும் எண்பதாவது வயதிலும் இதே மேடை கிடைக்க முருகனிடம் எங்கள் வேண்டுதலும். அதற்கு நிச்சயம் வருவேன், டயர் எப்படி இருந்தாலும்.

என்றும் உங்கள் மைத்துனன்,
சந்திரசேகரன்

பி.கு.: வியாழக்கிழமை சாயங்காலம். உறையை ஒட்டுமுன் இதை எழுதுகிறேன். காமினியின் அறை இங்கே சும்மா கிடக்கிறதென்றும், வீடு வெறிச்சென்று இருக்கிறதென்றும் குமுதா நேற்று மளிகைக்கடையில் சொல்லி வைத்திருக்கிறாள். இன்று மத்தியானம் கேட்டில் ஒரு பையன் வந்து நின்றான். தமிழ்நாட்டிலிருந்து, அறந்தாங்கியாம், டவுனில் முடிதிருத்தும் கடையில் வேலை. வந்து நாலு மாதம் ஆகிறது, கடைக்கு மேலே ஒரே அறையில் ஒன்பது பேர் படுக்கிறார்களாம். காமினி வயதுதான் இருக்கும். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு நின்றான். அவன் பேச்சைக் கேட்டதுமே எனக்கு, இந்தியாவிலிருந்து வருகிற ஊர்க்காரப் பையன்களை நம்ப முடியாது, ஒருத்தன் வந்தால் ஒன்பது பேர் வருவான் என்று யாரோ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. யார் சொன்னார்கள் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. "இப்பத்தான் தம்பி ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போனாரு" என்றேன். வார்த்தை ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. "பரவால்லங்கய்யா, அவரு வரலேன்னா ஒரு போன் பண்ணுங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பினால் கதவருகில் குமுதா. யாருங்க வந்து சொல்லிட்டுப் போனது என்று கேட்டாள். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். எழுதியதில் ஒரு வரியும் பொய் இல்லை, எழுதிய ஆள்தான் சரியில்லை. அதனால் அனுப்புகிறேன். அந்தப் பையனைக் கூப்பிட வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீங்கள் அஃபிக்கிடம் பேசும்போது முதலில் என்ன சொல்லி ஆரம்பித்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள். கடிதம் உங்களுக்கு வந்து சேர மூன்று நாளாகும். நம்பர் என் சட்டைப் பையில் இருக்கிறது, அதுவரை சட்டையைத் துவைக்கப் போடாமல் பார்த்துக்கொள்கிறேன்.